வாசலில் வேப்பமரம் உள்ள வீடு

பட்டியலில் ஐந்து பெயர்கள் இருந்தன. வந்தவர்கள் வரிசை தப்பாமல் வந்தார்கள்.

1964, ஐப்பசி மாதம், ஞாயிற்றுக்கிழமை. மில்லுக்கு வார விடுமுறை. பட்டியலில் முதல் பெயர் சின்னக்கருப்பு. காலை எட்டு மணிக்கு வாசலில் குத்தவைத்துப் பல் விளக்கிக்கொண்டிருந்தான். நாலு பேர் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு வந்து, பெயரைக் கேட்டு உறுதி செய்துகொண்டு வெட்டினார்கள். கழுத்தில் ஒன்று, தோளில் இரண்டு, கீழே விழுந்த பிறகு கணக்கில்லை. அடுப்படியிலிருந்து ஓடிவந்த அவன் மனைவி பொன்னுத்தாயியை ஒருவன் வயிற்றில் மிதித்துத் தள்ளினான். அவளுக்கு அது மூன்றாம் மாதம். பிறகு எதிரே இருந்த பொதுக்குழாயில் அருவாளைக் கழுவிக்கொண்டு, அவசரமே இல்லாமல் சைக்கிளை எடுத்தார்கள்.

இரண்டாவது பெயர் அழகு. இரண்டு தெரு தள்ளி வீடு. கதவை உடைத்து இழுத்துப்போட்டு, வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்தார்கள். மூன்றாவது ஆள் கூச்சல் கேட்டுக் கண்மாய்க்குள் குதித்து, தாமரைக்கொடிக்குள் மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு மத்தியானம் வரைக்கும் கிடந்து பிழைத்தான். மிச்சம் இரண்டு பேரும் கட்டிய துணியோடு ஊரைவிட்டு ஓடினவர்கள்தான், திரும்பவே இல்லை.

ஊர் ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பப் பேசிற்று. அந்தத் தெருக்களில் எந்த வீட்டுக்கும் நம்பர் கிடையாது. தபால்காரரே தடுமாறுகிற இடம். வெளியூர்க்காரன் நாலு பேர் யாரையும் விசாரிக்காமல் வீடு வீடாக எப்படிப் போய் நின்றான்?

எப்படி என்று ஒரு மனிதருக்குத் தெரியும். லேபர் ஆபீசர் மீனாட்சிசுந்தரம். அந்த விலாசங்களைத் தன் கைப்பட எழுதி, தானே கொண்டுபோய் மில்லில் கொடுத்தவர் அவர்தான்.

கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் கதை சுலபமாக இருந்திருக்கும். மனிதர் நல்லவர். கல்லல் ஊர்க்காரர், தச்சர் வீட்டுப் பிள்ளை. அப்பா ஒரு கட்டட வேலையில் உத்தரம் விழுந்து இடுப்பொடிந்தபோது, வேலை கொடுத்தவர்கள் மாட்டுவண்டியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பியதோடு கை கழுவிவிட்டார்கள். கேட்க நாதியில்லை. அதைப் பார்த்து வளர்ந்தவர் பி.ஏ. படித்து, பரீட்சை எழுதி, தொழிலாளர் துறையில் சேர்ந்தார். சட்டப் புத்தகத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். தமாஷாகச் சொல்லவில்லை. புதிதாகக் கல்யாணமாகி வந்த சீதாலட்சுமி வெள்ளிக்கிழமைதோறும் அதற்கும் சேர்த்துச் சந்தனம் வைத்திருக்கிறாள்.

மேலரோட்டு மில்லில் ஆயிரம் பேர் வேலை பார்த்தார்கள். சங்கம் என்று வாயைத் திறந்தவன் மறுநாள் கேட்டுக்கு வெளியே நிற்பான். சின்னக்கருப்பு இருட்டுக்குள் ஆள் சேர்ப்பதுபோல் ஆள் சேர்த்து ஒரு சங்கத்தைப் பதிவு செய்துவிட்டு, சுந்தரத்திடம் வந்து நின்றான். முப்பத்தொரு வயசு சுந்தரத்துக்கு உடம்பெல்லாம் உற்சாகம். சட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. சங்க நிர்வாகிகளின் பெயரும் விலாசமும் எழுதி நிர்வாகத்துக்குக் கொடுத்துவிட்டால், அவர்கள் 'பாதுகாக்கப்பட்ட தொழிலாளர்'. தகராறு நடக்கும்போது அனுமதி இல்லாமல் அவர்களை வேலையைவிட்டு நீக்க முடியாது.

"பேரக் கொடுத்தா ஆளக் கொடுத்த மாதிரில்ல சார்" என்றான் சின்னக்கருப்பு.

"பேர் தெரியாதவரைக்கும்தான் பயம். பேர் எழுத்துல ஏறிருச்சுன்னா சட்டம் உங்களுக்கு முன்னாடி நிக்கும்" என்றார் சுந்தரம்.

சட்டம் முன்னால் நிற்கும் என்று நம்பிய ஒரே ஆள் அந்த ஜில்லாவில் அவர்தான். ஆனால் அவர் சொன்ன தோரணையில் சின்னக்கருப்பும் நம்பிவிட்டான்.

சங்கம் செய்யவேண்டிய வேலை அது. சங்கத்துக்காரனுக்கு ஒழுங்காக விலாசம் எழுதத் தெரியவில்லை என்று இவரே வேலையை இழுத்துப்போட்டுக்கொண்டார். சைக்கிளில் ஐந்து வீட்டுக்கும் போனார். நம்பர் இல்லாத வீட்டுக்கு ரிஜிஸ்தர் தபால் எப்படி வந்து சேரும்? அதனால் அடையாளம் எழுதினார். சின்னக்கருப்பு வீட்டில் பொன்னுத்தாயி ஒரு செம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவர் எழுதுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எதுக்கு சார் மரத்தையெல்லாம் எழுதுறீக?"

"தபால் தப்பாம வரணும்ல ஆத்தா."

அவள் சிரித்தாள். "எங்களுக்கு எவுக சார் தபால் போடப் போறாக?"

மறுநாள் பட்டியலை எடுத்துக்கொண்டு நேரே மில் மேனேஜர் அறைக்குப் போனார். மேனேஜர் பெயர் சத்தியமூர்த்தி. பெயர் வைத்தவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு வரி விடாமல் நிதானமாகப் படித்தார். "ரொம்பத் தெளிவா இருக்கு சார்" என்றார். நகலில் தேதி போட்டு, மில் முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். காப்பி வரவழைத்தார். சுந்தரம் அந்தக் காப்பியைக் குடித்தார்.

ஒன்பதாம் நாள் காலையில்தான் சைக்கிள்கள் வேலியில் சாத்தப்பட்டன. பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தது என்பார்கள். இவர் பிடித்தது அருவாளாக முடிந்தது.

சேதி கேட்டு ஓடிய சுந்தரம் வீட்டுக்குள் போகவில்லை. பொதுக்குழாயடியில் ரத்தம் இன்னும் சேற்றோடு கலந்து கிடந்தது. வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். உள்ளே பெண்கள் மாரில் அறைந்துகொள்ளும் சத்தம். பொன்னுத்தாயியைப் பாயில் கிடத்தி வெளியே தூக்கி வந்தார்கள். பாய் நனைந்து சொட்டிற்று. அவள் கண் திறந்துதான் இருந்தது. அந்தக் கண் அவர்மேல் பட்டது, அப்படியே நின்றது.

போலீஸ் நாலு பேரைப் பிடித்தது. தலைவன் பெயர் பெத்தன், மில்லுக்கு லாரி லோடு ஏற்றுகிறவன். மில்லுக்கும் கொலைக்கும் சம்பந்தமே இல்லை, சங்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றே நிர்வாகத்துக்குத் தெரியாது என்று சத்தியமூர்த்தி எழுதிக் கொடுத்தார். அது பொய் என்று காட்ட ஒரே ஒரு காகிதம் போதும். முத்திரையோடு அது சுந்தரத்தின் மேஜை இழுப்பறையில் இருந்தது.

அவர் அதைக் கொடுக்கத்தான் போனார், அதையும் சொல்லவேண்டும். மேலதிகாரியிடம் முதலில் காட்டினார். மேலதிகாரி கதவைச் சாத்திக்கொண்டார்.

"சங்கம் கொடுக்கவேண்டிய பட்டியலை நீ ஏன்யா கொடுத்தே? விலாசம் யார் கையெழுத்து? கொலைகாரனுக்கு வழி எழுதிக் கொடுத்தவன் சர்க்கார் ஆபீசர்னு நாளைக்குப் பேப்பர்ல வரும். துறை பேரும் போகும், உன் வேலையும் போகும். செத்தவன் திரும்பியா வரப்போறான்?"

அந்த வாரமே காரைக்குடி பஸ் ஸ்டாண்டில், ஜாமீனில் வந்திருந்த பெத்தன் எதிரே வந்து நின்றான். அடிக்கவில்லை. சுந்தரத்தின் வலது மணிக்கட்டைப் பிடித்து, நரம்பு நெரிய அழுத்திக்கொண்டே சிரித்தான்.

"நல்ல எழுத்து சார் ஒங்களுக்கு. மரம், குழாய் எல்லாம் அப்படியே இருந்துச்சு. எங்குட்டும் தேடவே வேண்டியதில்ல."

செஷன்ஸ் கோர்ட்டில் பொன்னுத்தாயி கூண்டேறி, கையை நீட்டி, "அந்தா நிக்கிற சார்தான் எங்க வீட்டுக்கு வந்து, மரத்தயும் குழாயயும் எழுதிக்கிட்டுப் போனாரு. எழுதிக் கொண்டுபோன பொறவுதான் வந்து வெட்டுனாக" என்றாள். அழகும் கண்மாயில் கிடந்து பிழைத்தவனும் பயந்துபோய்ச் சாட்சிக்கே வரவில்லை. அடுத்து சுந்தரத்தைக் கூண்டில் ஏற்றினார்கள்.

"இந்த அம்மா வீட்டுக்கு நீங்கள் போனதுண்டா?"

"இல்லை."

"மில்லுக்குப் பட்டியல் எதுவும் கொடுத்தீர்களா?"

"இல்லை."

இரண்டே சொல். கணவனை இழந்த துயரத்தில் சாட்சி இல்லாததைப் புனைந்து சொல்கிறார் என்று தீர்ப்பில் எழுதினார்கள். நாலு பேரும் விடுதலை. கோர்ட்டு வாசலிலேயே வெடி போட்டார்கள். பொன்னுத்தாயி யாரையும் திட்டவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. சுந்தரத்தின் எதிரே வந்து நின்று, "மோர் குடிச்சீகளே சார்" என்றாள். திரும்பிப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து சுந்தரம் மோர் குடித்ததில்லை. சீதாலட்சுமி அவர் இலைக்கு மோர் கொண்டுவருவதையே விட்டுவிட்டாள்.

அப்புறம் பதவி உயர்வு வந்தது. வராமல் இருக்குமா? வாயைத் திறக்கவேண்டிய இடத்தில் மூடத் தெரிந்தவன் என்று பெயர் எடுத்தாயிற்றே. உதவி ஆணையர் ஆனார், துணை ஆணையர் ஆனார். எந்த மில்லில் ரத்தம் சிந்தினாலும் சுந்தரத்தை அனுப்பு என்பார்கள். கோயமுத்தூரில் ஒரு கேட்டில் செங்கல் விழுந்து நெற்றி பிளந்து ஏழு தையல். மதுரையில் கடைநிலை மேஸ்திரி ஒருவனை ஆட்கள் கொதிக்கும் சாயத் தொட்டியில் தள்ளப் போனபோது, இவர் குறுக்கே விழுந்து முதுகில் கடப்பாரை அடி வாங்கினார். தீப்பெட்டி ஆலை ஒன்றில் எரிந்துபோன பெண்களின் உடம்புகளை வாழையிலையில் கட்டித் தூக்கும்போது கூடவே நின்று, முதலாளியின் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கிறார். பயமில்லாத ஆபீசர் என்று தொழிலாளிகள் மாலை போட்டார்கள். அவருக்கல்லவா தெரியும்! அடி விழுகிற இடமாகப் பார்த்துப் போய் நின்றார் அவர். எத்தனை விழுந்தாலும் கணக்கு நேராகவில்லை.

ஒரு வழக்கம் மட்டும் துறையில் எல்லாருக்கும் வேடிக்கையாக இருந்தது. பேச்சுவார்த்தை முடிந்து கடைசி ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் நிமிஷம் வரை, எந்தத் தொழிலாளியின் பெயரையும் எழுத விடமாட்டார். 'தொழிலாளர் தரப்பு' என்றுதான் குறிப்பு. விலாசம் என்ற பத்தியைச் சிவப்பு மையால் அடித்துவிடுவார்.

அந்தப் பழைய நகலை அவர் கொடுக்கவும் இல்லை, எரிக்கவும் இல்லை. துணிச்சல் இருந்தால் கொடுத்திருப்பார். மனசாட்சி இல்லாதிருந்தால் எரித்திருப்பார். இரண்டும் பாதிப் பாதி இருந்ததால் டிரங்குப் பெட்டியில், பதவி உயர்வு உத்தரவுகளுக்கு அடியில் வைத்திருந்தார்.

1974 ஆனியில் மேலரோட்டு மில் மறுபடி கொதித்தது. பஞ்சு சுத்தம் செய்யும் பகுதியில் இயந்திரம் ஒருத்தியின் கையை இழுத்துக்கொண்டு போனது. நிறுத்தச் சொல்லிக் கத்தியும் மேஸ்திரி நிறுத்தவில்லை. வேலைநிறுத்தம். பதிலுக்கு மில்லைப் பூட்டினார்கள். நாற்பத்தொரு நாள் ஆயிற்று. ஆயிரம் வீட்டில் உலை ஏறவில்லை. கடைசியில் சுந்தரத்தை அனுப்பினார்கள். புறப்படும்போது பெட்டியின் அடியிலிருந்து அந்த நகலை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். எதற்கென்று கேட்டிருந்தால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

ஜீப் மில் கேட்டை நெருங்கும்போதே தடியடி தொடங்கியிருந்தது. லத்தி மண்டையில் விழும் சத்தம் தேங்காய் உடைக்கிற சத்தம்தான். பெண்களைச் சேலையைப் பிடித்து இழுத்துப்போட்டு அடித்தார்கள். ஒரு கல் ஜீப் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்தது. சுந்தரம் இறங்கி ஓடினார். மில்லின் காவல் தலைவன் ஒருவன், தலை நரைத்த தடியன், ஒரு பெண்ணைக் கூந்தலைச் சுற்றிப் பிடித்துத் தரதரவென்று கேட்டுக்குள் இழுத்துக்கொண்டிருந்தான். சுந்தரம் பாய்ந்து அவன் கையைப் பிடித்தார். அவன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். பெத்தன்.

"அடடே, எழுத்துக்கார சாரா!"

கூந்தலை விட்டான். நெற்றியிலிருந்து வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தவள் பொன்னுத்தாயி. வாயை அடைக்கவென்று வழக்கு முடிந்ததும் மில்லே அவளுக்கு நூல் சுற்றும் ரீலிங்கில் ஒரு வேலை கொடுத்திருந்தது. வாய் அடைபடவில்லை. பத்து வருஷத்தில் அவள்தான் சங்கத்துக்குத் தலைவி.

மறுநாள் பயணியர் விடுதிக் கூடத்தில் பேச்சுவார்த்தை. மேஜைக்கு ஒரு பக்கம் சத்தியமூர்த்தி. இப்போது மேனேஜர் இல்லை, டைரக்டர். மறுபக்கம் தலையில் கட்டோடு பொன்னுத்தாயியும் இன்னும் நாலு பெண்களும். சுந்தரம் நடுவில். வராந்தாவில் பெத்தன். வெளிக்கேட்டில் நூறு இருநூறு தொழிலாளர்கள் வெயிலில் நின்றார்கள்.

மூன்று மணி நேரத்தில் எல்லாம் படிந்துவிட்டது. கை போனவளுக்கு நஷ்டஈடு, இயந்திரத்துக்குத் தடுப்பு, யாரையும் பழிவாங்குவதில்லை, திங்கட்கிழமை மில் திறப்பு. கையெழுத்துப் போடுகிறவர்களின் பெயரை எழுதவேண்டிய இடம் வந்தது. சட்டப்படி பெயர் இல்லாமல் ஒப்பந்தம் இல்லை.

"பேரு சொல்லமாட்டோம்" என்றாள் பொன்னுத்தாயி.

சத்தியமூர்த்தி பேனாவை மூடினார். "பேர் இல்லாதவங்களோட நான் என்ன ஒப்பந்தம் போடுறது? பட்டினி கிடக்கணும்னு ஆசைப்பட்டா கிடக்கட்டும்."

"அம்மா, வெளியே அத்தனை பேரும் காத்துக்கிட்டிருக்காங்க" என்றார் சுந்தரம்.

"எழுதுறது நீங்கதான சார்? எப்படிச் சொல்றது?" அவள் கத்தவில்லை. அடுத்த வீட்டுக்காரரிடம் பேசுவதுபோலத்தான் பேசினாள். "பத்து வருசத்துக்கு முன்னால கோர்ட்டுல என்னயப் பொய்க்காரின்னு ஆக்குனீக. எம்புருசன் செத்ததுகூட ஆறிப்போச்சு சார். பொய்க்காரின்னு தீர்ப்புல எழுதுனாகள்ல, அது ஆறல. எங்க வீட்டுக்கு வந்தீகளா, வரலயா? இவுக முன்னால சொல்லுங்க. அப்புறம் நான் பேரச் சொல்றேன். நீங்களே எழுதிக்கிருங்க."

சுந்தரத்துக்கு நாற்பத்தொரு வயசு. இன்னும் இரண்டு வருஷத்தில் இணை ஆணையர் ஆகலாம் என்று பேச்சு. வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பெண் இருக்கிறாள். 'இல்லை' என்று இன்னொரு தடவை சொல்வது எத்தனை சுலபம் என்றுகூட ஒரு நொடி நினைத்தார். அப்படி நினைத்ததற்காகவே தன்மேல் அருவருப்பு வந்தது. பையைத் திறந்து, மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்த அந்த நகலை எடுத்து மேஜையில் விரித்தார்.

"வந்தேன். நான்தான் எழுதினேன். நானே கொண்டுபோய் இவர் கையில கொடுத்தேன். இதோ இவர் கையெழுத்து, மில் முத்திரை. கோர்ட்டுல நான் சொன்னது பொய். நீங்க சொன்னதுதான் நிஜம்." ஸ்டெனோ பக்கம் திரும்பினார். "ஒரு வார்த்தை விடாம குறிப்புல ஏத்துங்க. இந்தக் காகிதம் இணைப்பு ஒன்று."

சத்தியமூர்த்தியின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. அவர்மேல் அன்றைக்கு வழக்கே இல்லை. பட்டியல் அவருக்கு வந்ததென்று தெரிந்தால் அல்லவா வழக்கு? கொலை வழக்குக்கு வயசாகாது என்பது அவருக்கும் தெரியும்.

"யோசிச்சுப் பேசுங்க சார். இது உங்களுக்குத்தான் முதல்ல கழுத்துக்கு வரும்."

"வரட்டும்."

"சாப்பாட்டுக்கு அப்புறம் பேசுவோம்" என்று எழுந்து வராந்தாவுக்குப் போனார். சிகரெட் பற்றவைத்தார். பெத்தனோடு இரண்டு நிமிஷம்தான் பேசியிருப்பார். அப்புறம் அவருடைய கார் கிளம்பிப் போயிற்று.

மணி ஒன்றேகால். தொழிலாளர் தரப்புப் பெண்கள் கிணற்றடிக்கு முகம் கழுவப் போயிருந்தார்கள். ஸ்டெனோ டைப் அடிக்கத் தாள் வாங்கப் போயிருந்தார். சுந்தரம் கூடத்தில் தனியாக, நகலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்து வருஷமாக இல்லாத ஒரு லேசு நெஞ்சில் இருந்தது. அழவேண்டும்போல இருந்தது, பசித்தது.

பெத்தன் உள்ளே வந்து கதவைச் சாத்தினான். லாரி லோடுக்காரன் பழக்கம் விடவில்லை, அருவாளை முதுகுப்பக்கம் சட்டைக்குள் செருகியிருந்தான்.

"அந்தக் காயிதத்தக் குடுங்க சார். ஒங்கள எனக்குப் பிடிக்கும். கைய வைக்க மனசில்ல."

"கொடுக்கமாட்டேன்."

முதல் வெட்டு மேஜையில் விழுந்து பலகை பிளந்தது. சுந்தரம் நாற்காலியைத் தூக்கி அவன் முகத்தில் எறிந்தார். அவன் மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. இரண்டாவது வெட்டு தோளில் இறங்கி எலும்பில் நின்றது. கீழே விழுந்தபோதும் காகிதத்தை விடவில்லை. வலது கையோடு சேர்த்து அதை நெஞ்சுக்கடியில் வைத்துக் குப்புறப் படுத்துக்கொண்டார். பெத்தன் முழங்காலை முதுகில் ஊன்றி, கையை வெளியே இழுத்து, தரையில் வைத்து மணிக்கட்டில் வெட்டினான். பஸ் ஸ்டாண்டில் நெரித்த அதே மணிக்கட்டு. ஒரே வெட்டில் போகவில்லை. அலறல் கிணற்றடிக்குக் கேட்டது.

கதவு திறந்தபோது பொன்னுத்தாயி கையில் தோட்டக்காரனின் மண்வெட்டி இருந்தது. பெத்தன் திரும்புவதற்குள் அவன் முழங்காலில் போட்டாள். அடுத்தது அருவாள் பிடித்த தோளில். எலும்பு முறிந்த சத்தம் நன்றாகக் கேட்டது. வெளிக்கேட்டைத் தள்ளிக்கொண்டு கூட்டம் உள்ளே வந்து, அவனைக் காலைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்துப்போட்டு மிதித்தது. நாற்பத்தொரு நாள் பசி, அதற்கு முந்திய பத்து வருஷம், எல்லாம் காலில் இறங்கிற்று. ஒருவன் அம்மிக்கல்லைத் தலைக்குமேல் தூக்கிவிட்டான்.

பொன்னுத்தாயி பெத்தன்மேல் விழுந்து மறைத்தாள். முதுகில் அவளுக்கும் நாலு மிதி விழுந்தது.

"கொன்னுபுடாதீகடா! கொன்னுபுடாதீக! செத்தவன் எவன்டா சாட்சி சொல்லுவான்? இவன் பேசணும். யாரு அனுப்புனதுன்னு இவன் வாயாலயே பேசணும்!"

அம்மிக்கல் பக்கத்து மண்ணில் தொப்பென்று விழுந்தது.

பெரியாஸ்பத்திரியில் கட்டிலைச் சுற்றி ரத்தத் துணி. மணிக்கட்டைத் தைக்க வழியில்லை, எடுக்கத்தான் வேண்டும் என்றார் டாக்டர். மயக்க மருந்து கொடுத்த பிறகு விழிப்பாரா என்பதற்கும் உறுதி சொல்லவில்லை. அதனால் முதலில் மாஜிஸ்திரேட்டை வரவழைத்தார்கள். மாஜிஸ்திரேட் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து தாளை விரித்தார். அவர் பக்கத்திலேயே அந்த நகல், பாதி ரத்தத்தில் ஊறி, சத்தியமூர்த்தியின் கையெழுத்து இருந்த கீழ்ப்பாதி மட்டும் வெளுப்பாக, ஒரு தட்டில் கிடந்தது. பொன்னுத்தாயி வாசற்படியோரம் நின்றாள். போகச் சொன்னார்கள், போகவில்லை.

"நீங்கள் சொல்வது உங்களுக்கு எதிராகவே பயன்படும். பொய்ச்சாட்சிக் குற்றம் வரும், வேலை போகும். தெரிந்துதானே சொல்கிறீர்கள்?"

"தெரியும். எழுதுங்க."

சொன்னார். சைக்கிளில் போனது, காப்பி குடித்தது, கூண்டில் சொன்ன இரண்டு 'இல்லை', எதையும் விடவில்லை. நடுவில் இரண்டு தடவை நினைவு தப்பியது. திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து சொன்னார். கடைசியில் பெருவிரலில் மை தடவினார்கள், இடது கையில். பச்சை மையில் பத்து வருஷம் கையெழுத்துப் போட்ட துணை ஆணையர் ரேகை வைத்தார்.

"பட்டியல்ல முதல் விலாசம் ரத்தத்துல அழிஞ்சிருக்கு. ஞாபகம் இருக்கா?" என்றார் மாஜிஸ்திரேட்.

ஞாபகம் இருக்காவா! பத்து வருஷமாக ஒருநாள் விடாமல் அதைச் சொல்லிக்கொண்டுதானே படுத்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார்.

"சின்னக்கருப்பு. மேலரோட்டுக்குத் தெற்கே இரண்டாவது சந்து. கிழக்குப் பார்த்த ஓட்டு வீடு. எதிரே பொதுக்குழாய். வாசலில் வேப்பமரம்."

மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டே வாசற்படிப் பக்கம் பார்த்தார். "விலாசம் சரிதானாம்மா?"

"அன்னைக்குச் சரி சாமி" என்றாள் பொன்னுத்தாயி. கட்டிலருகே வந்து, சுந்தரத்தின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "இப்ப அங்குட்டு மரமில்ல சார். ஆஸ்பத்திரியிலருந்து வீட்டுக்கு வந்த அன்னைக்கே நாந்தான் வெட்டிப்புட்டேன்."